வலசை மீன்களுக்கு ஆற்றைத் திறந்துவிடுவது எப்படி?

கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றில் ஏறும் மீன்கள் உண்டு. ஆற்றில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகக் கடலுக்கு இறங்கும் மீன்களும் உண்டு. முதல் வகைக்கு நம் பக்கத்து உதாரணம் உள்ளம் மீன். வங்காளிகளின் இலிஷ் இதுதான். மழைக்காலத்தில் கோதாவரியில் ஏறி வரும்போது ஆந்திராவில் புலசா என்று விலை பேசுவதும் இதைத்தான். இரண்டாம் வகைக்கு விலாங்கு. நம் ஆறுகளிலும் குளங்களிலும் பல ஆண்டு கிடந்து வளரும் விலாங்கு, முட்டையிடுவதற்கு ஆழ்கடலுக்குப் போகிறது. தாய் மீன் திரும்பி வராது. உள்ளுறுப்பு தெரியும் அளவுக்குத் தெளிந்த உடலோடு குஞ்சுகள் மட்டும் முகத்துவாரம் தேடி வரும்.

வளர ஓர் இடம், முட்டையிட ஓர் இடம், நடுவில் போகவர வழி: இந்த மூன்றும் இருந்தால்தான் வலசை மீன் பிழைக்கும். வழி அடைபட்டால் மீன் அன்றைக்கே அழிந்துவிடாது. ஏற்கெனவே கடலில் இருக்கும் மீன்கள் சில ஆண்டுகளுக்கு அணையின் காலடி வரை வந்து முட்டிக்கொண்டு நிற்கும். ஒரே இடத்தில் கூட்டமாக நிற்பதால் வலையில் வழக்கத்தைவிட அதிகமாகவே விழும். அதைப் பார்த்துவிட்டு மீனுக்கு ஒன்றும் குறைவில்லை என்று நினைக்கத் தோன்றும். அந்தத் தலைமுறை முடிந்த பிறகுதான் இழப்பு கண்ணுக்குத் தெரியும், அதற்குள் பல ஆண்டு கடந்திருக்கும்.

கங்கையில் நடந்தது இதுதான். ஹூக்ளியில் படியும் வண்டலை அடித்துச்சென்று கொல்கத்தா துறைமுகத்தைக் காப்பதற்காக, பராக்கா கதவணை 1975-இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன் இலிஷ் அலகாபாத்தையும் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. பிறகு அணைக்கு மேலே பிடிப்பு சரிந்து ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் உள்ளம் ஏறி வந்த காலம் உண்டு. அங்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையும் கீழணையும் முதலில் குறுக்கே நின்றன, 1934-இல் மேட்டூர் வந்தது. உலகம் முழுக்கக் கண்காணிப்பில் இருக்கும் நன்னீர் வலசை மீன் கூட்டங்களை எடுத்துக்கொண்டால், 1970-க்கும் 2020-க்கும் இடையில் சராசரி வீழ்ச்சி 81 விழுக்காடு.

சின்னத் தடைகள்

தடை என்றதும் பெரிய அணைதான் நினைவுக்கு வரும். எண்ணிக்கையில் பார்த்தால் கதை வேறு. ஐரோப்பாவின் 36 நாடுகளில் ஆறுகளை அளந்து பார்த்ததில், குறைந்தது 12 லட்சம் தடைகள் இருப்பதாக 2020-இல் கணக்கு வந்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு 2 மீட்டர் உயரம்கூட இல்லாதவை: பழைய ஆலைகளின் கலிங்கு, தரைப்பாலம், குழாய்ப்பாலம், படுகை அரிக்காமலிருக்கப் போட்ட கான்கிரீட் படி.

முழங்கால் உயரப் படி ஏன் மீனை நிறுத்துகிறது? எல்லா மீனும் தாவாது. தாவத் தெரிந்த மீனுக்கும், எம்பிக் கிளம்புவதற்குக் கீழே போதிய ஆழம் வேண்டும். கான்கிரீட் தளத்தில் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடினால் எந்த மீனும் கிளம்ப முடியாது. அடுத்தது வேகம். ஒரு மீன் முழுமூச்சாக நீந்தினால் விநாடிக்குத் தன் உடல் நீளத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு தூரம் போகும், அதுவும் சில விநாடிகளுக்குத்தான். 10 செ.மீ. மீனுக்கு அது விநாடிக்கு 1 மீட்டர். தரைப்பாலத்தின் அடியில் போடும் ஹியூம் பைப்புக்குள் மழைக்காலத் தண்ணீர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுவது சாதாரணம். வேகம் குறைவாக இருந்தாலும் குழாய் நீளமாக இருந்தால் பாதி வழியில் மீனுக்கு மூச்சு தீர்ந்து, வந்த வழியே அடித்துச்செல்லப்படும்.

குழாயின் கீழ்முனையிலும் கோளாறு உண்டாகும். குறுகலான வாயிலிருந்து பீய்ச்சியடிக்கும் தண்ணீர் எதிரே உள்ள படுகையைத் தோண்டிக்கொண்டே போகும். கட்டும்போது படுகையோடு சமமாக இருந்த குழாய், சில மழைக்குப் பிறகு அந்தரத்தில் தொங்கும். கட்டியவர் மேல் தவறே இல்லாவிட்டாலும் இது நடக்கும். குழாயின் அகலம் ஓடையின் அகலத்தைவிடக் குறைவாக இருப்பதுதான் மூல காரணம்.

ஆகவே தீர்வு அகலத்தில் இருக்கிறது. ஓடை கரை நிறைய ஓடும்போது எவ்வளவு அகலமோ, அதைப் போல 1.2 மடங்கு அகலமுள்ள பெட்டிப் பாலம் போடுங்கள். அடித்தளத்தை, பாலத்தின் உள் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது படுகைக்குக் கீழே புதைத்து, அதன்மேல் அந்த ஓடையின் கல்லையும் மணலையுமே நிரப்புங்கள். பாலத்துக்குள் ஓடை ஓடையாகவே ஓட வேண்டும் என்பதுதான் நோக்கம். இருக்கும் சின்னக் கலிங்கை எடுக்க முடியாவிட்டால், அதன் கீழ்ப்பக்கம் பாறைகளை அடுக்கிச் சரிவு அமைக்கலாம். 1 மீட்டர் உயரத்துக்கு 20 முதல் 30 மீட்டர் நீளம் வேண்டும். செலவைக் குறைக்க 10 மீட்டரில் முடித்த சரிவுகளில் வெள்ளம் பாறைகளைப் புரட்டிவிடும், தண்ணீரும் கற்களுக்கு இடையில் உள்ளே இறங்கி மேலே வறண்டுவிடும். அதனால் இடுக்குகளைச் சரளையும் களிமண்ணும் கலந்து அடைப்பதைத் தவிர்க்கக் கூடாது.

மீன் ஏணி: படியின் கணக்கு

உயரமான அணையைச் சுற்றி மீனை ஏற்றுவதற்குத் தொட்டிகளைப் படிப்படியாகக் கட்டுகிறார்கள். ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்குத் தண்ணீர் இறங்க, மீன் எதிர்த்து ஏறும். தொட்டிகளுக்கு நடுவிலுள்ள சுவரில் அடி முதல் மேல் வரை ஒரு செங்குத்துப் பிளவு விடும் முறை பல வகை மீன்களுக்கும் ஒத்துவரும். தண்ணீர் மட்டம் ஏறி இறங்கினாலும் பிளவு வேலை செய்யும், அடியில் நீந்தும் மீனும் மேலே நீந்தும் மீனும் அவற்றுக்குப் பழகிய ஆழத்திலேயே நுழையலாம்.

இரண்டு தொட்டிகளுக்கு இடையிலுள்ள நீர்மட்ட வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 30 செ.மீ. வித்தியாசம் என்றால் பிளவில் தண்ணீர் விநாடிக்குச் சுமார் 2.4 மீட்டர் வேகத்தில் பாயும். 20 செ.மீ. என்றால் 2 மீட்டர். 10 செ.மீ. என்றால் 1.4 மீட்டர். குளிர்நாட்டு ஆறுகளில் தாவி ஏறும் சால்மன் மீன் 30 செ.மீ.-ஐ எளிதில் ஏறும். சின்ன மீன்களுக்கு 10 செ.மீ.-ஐத் தாண்டக் கூடாது. 6 மீட்டர் அணையில் 20 செ.மீ. படி என்றால் 30 படிகள். தொட்டி ஒன்று 3 மீட்டர் நீளம் என்றால் மொத்தம் 90 மீட்டர். இடம் போதவில்லை, காசு போதவில்லை என்று படியை 40 செ.மீ. ஆக்கிப் பாதி நீளத்தில் முடித்துவிட்டால், பார்வைக்கு நல்ல ஏணியாகத்தான் இருக்கும். மீன் மட்டும் ஏறாது.

வேகம் சரியாக இருந்தாலும் தொட்டிக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் சுழன்றால் மீனுக்குத் திசை தெரியாது. விழும் தண்ணீரின் விசை தொட்டிக்குள்ளேயே அடங்குவதற்கு இடம் வேண்டும். ஒரு கன மீட்டர் தொட்டி நீருக்கு 150 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது சால்மனைவிட வலுக் குறைந்த மீன்களுக்கு வைத்துக்கொள்ளும் அளவு. விநாடிக்கு 500 லிட்டர் தண்ணீர் 20 செ.மீ. இறங்கினால் 981 வாட். அதை 150-ஆல் வகுத்தால் 6.5 கன மீட்டர். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.1 மீட்டர் ஆழமுள்ள தொட்டி இதற்குச் சரியாகப் பொருந்தும். தொட்டியில் நுரை பொங்கி வெள்ளையாகத் தெரிந்தால் இந்தக் கணக்கு எங்கோ தப்பியிருக்கிறது.

வாசல்

தோற்றுப்போன மீன் ஏணிகளில் பெரும்பாலும் தொட்டியைவிட வாசல்தான் குற்றவாளி. மீனுக்கு ஏணி தெரியாது, பாய்ச்சல்தான் தெரியும். பெருந்தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அதை எதிர்த்துக்கொண்டு, இனி மேலே போக முடியாது என்ற இடம் வரை போய் நிற்கும். வாசல் அந்த இடத்துக்குப் பக்கத்தில், கரையை ஒட்டி இருக்க வேண்டும். கட்டுவதற்கு வசதி என்று 50 மீட்டர் கீழே வாசல் வைத்தால், மீன்கள் அதைக் கடந்துபோய் மதகடியிலேயே நாள்கணக்கில் சுற்றும். அணை ஆற்றுக்குக் குறுக்கே சாய்வாக இருந்தால், மேல்நோக்கிக் கூர்ந்து முடியும் மூலையில் மீன் சேரும். வாசலும் அங்கேதான்.

இடம் சரியாக இருந்தாலும், வாசலிலிருந்து வரும் நீரோட்டம் பக்கத்து மதகு, மின்நிலையம் ஆகியவற்றின் ஓட்டத்துக்கு நடுவே மீனுக்குத் தனியாகப் புலப்பட வேண்டும். அந்தப் போட்டி ஓட்டத்தில் 5 முதல் 10 விழுக்காடாவது வாசல் வழியாக வரட்டும். ஏணித் தொட்டிகள் அவ்வளவு தண்ணீரைத் தாங்காது. அதனால் தனிக் குழாயில் கூடுதல் தண்ணீர் கொண்டுவந்து, வாசலருகே கம்பித் தட்டிகளின் வழியாக மெதுவாகக் கலந்துவிடுவார்கள். வறட்சியில் முதலில் மூடப்படுவது இந்தக் குழாய்தான் என்பது பெரிய துரதிர்ஷ்டம்.

மேல் முனையிலும் கவனம் வேண்டும். ஏறிக் களைத்த மீன் வெளிவரும் இடம் மதகுக்குப் பக்கத்தில் இருந்தால், தண்ணீர் அதை இழுத்துக் கீழே தள்ளிவிடும். பிளவுகளில் கட்டை, வெங்காயத்தாமரை, பிளாஸ்டிக் சிக்கினால் அந்தப் படி மட்டும் உயர்ந்து மொத்த ஏணியும் பயனற்றுப் போகும். மீன் ஏறும் பருவத்தில் தினமும் ஒருவர் சுற்றிப் பார்க்க வேண்டும். கட்டும் செலவோடு இந்த ஆளின் சம்பளத்தையும் ஒதுக்காத திட்டத்தை ஏற்கவே கூடாது.

உள்ளம் மீனுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அது சால்மன்போல் தாவுவதில்லை. கூட்டமாகப் போகும், குறுகலான இடத்துக்குள் நுழையத் தயங்கும், செதில் உதிர்ந்தாலே சோர்ந்து செத்துப்போகும். கையில் பிடித்து அணைக்கு மேல் விடுவதும் எளிதல்ல. அமெரிக்காவின் ஷாட் மீன் இதன் உறவு. சால்மனுக்காகக் கட்டிய ஏணிகளில் ஷாட் மீன்கள் பாதி வழியில் திரும்பியதை அங்கே பலமுறை பார்த்திருக்கிறார்கள். இந்த இனத்துக்கு அகலமான பிளவும், குமுறல் இல்லாத சீரான ஓட்டமும், முடிந்தால் கரையோரமாக வளைந்து வரும் இயற்கை ஓடை மாதிரியான வழியும் வேண்டும்.

விலாங்குக் குஞ்சுக்கோ இவ்வளவு ஏற்பாடு தேவையே இல்லை. சாய்வான பலகையில் பிரஷ் மயிர்போல் நைலான் இழைகளைக் குத்தி, மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் கசியவிட்டால், இழைகளுக்கிடையில் நெளிந்து ஏறிவிடும். கொக்கு, நாரை கொத்தாமல் மேலே ஒரு மூடி போட வேண்டும், அவ்வளவே.

ஒன்றன்பின் ஒன்றாக அணைகள்

ஒவ்வொரு ஏணியும் வந்த மீனில் 80 விழுக்காட்டை ஏற்றிவிடுகிறது என்று வையுங்கள். நல்ல ஏணிதான். ஐந்து அணைகளைத் தாண்டும்போது மிச்சம் 33 விழுக்காடு. ஒவ்வொன்றும் 95 விழுக்காடு ஏற்றினால் மிச்சம் 77. ஆகவே பல அணைகள் உள்ள ஆற்றில் ஒவ்வொன்றுக்கும் ஏணி கட்டுவதைவிட, இரண்டொன்றை எடுத்துவிடுவது அதிகப் பலன் தரும். வேலையைக் கடல் பக்கமிருந்து தொடங்க வேண்டும் என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது. கீழ் அணை அடைத்துக்கொண்டிருக்க மேல் அணையில் ஏணி கட்டினால், ஏறுவதற்கு மீன் வராது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பெனாப்ஸ்காட் ஆற்றில் இப்படித்தான் யோசித்தார்கள். அந்த ஆற்றின் பழங்குடியினரும் சூழல் அமைப்புகளும் சேர்ந்து, மின் நிறுவனத்தோடு பேசி மூன்று அணைகளை விலைக்கு வாங்கினார்கள். கிரேட் வொர்க்ஸ் அணை 2012-இலும் வீசி அணை 2013-இலும் எடுக்கப்பட்டன. மூன்றாவதான ஹவ்லண்டைச் சுற்றிக் கல் பாவிய கால்வாய் வெட்டினார்கள். அதே ஆற்றுப்படுகையில் எஞ்சிய அணைகளில் மின் உற்பத்தியைக் கூட்டி, இழந்த மின்சாரத்தை ஈடுகட்டினார்கள். மேலே உள்ள ஏரிகளுக்கும் சிற்றோடைகளுக்கும் வழி திறந்து, ஏல்வைஃப் மீன்களைக் கொண்டுபோய் விட்டார்கள். ஆண்டுக்குச் சில ஆயிரமாக இருந்த வரவு 2018-இல் 20 லட்சத்தைத் தாண்டியது. ஏல்வைஃபும் உள்ளம் மீனின் சொந்தம்தான்.

அணையை எடுப்பது இடித்துத் தள்ளுகிற வேலையல்ல. அதன் பின்னால் தேங்கிய வண்டல்தான் பெரிய பிரச்சினை. வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆறு இதற்குச் சரியான பாடம். 1913-இல் முடிந்த 33 மீட்டர் எல்வா அணையிலும், 1927-இல் வந்த 64 மீட்டர் கிளைன்ஸ் கேன்யன் அணையிலும் மீன்வழியே இல்லை. மாநிலச் சட்டம் அப்போதே மீன்வழி கேட்டது. அதற்குப் பதிலாக ஒரு குஞ்சுப் பொரிப்பகம் கட்டி, 1922-இல் அதையும் கைவிட்டார்கள். வழியை அடைத்துவிட்டுப் பொரிப்பகத்தால் ஈடுகட்டலாம் என்ற யோசனையை எங்கே கேட்டாலும் இந்த ஆற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

2011 செப்டம்பரில் வேலை தொடங்கியது. இரண்டு நீர்த்தேக்கங்களிலும் சுமார் 2 கோடி கன மீட்டர் வண்டல் இருந்தது. ஒரேயடியாக விட்டால் கீழே எல்லாம் மூடிவிடும் என்பதால், அணையைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தினார்கள். மீன் வலசை வரும் வாரங்களில் வேலையை நிறுத்தி வைத்தார்கள். ஆறு கலங்கியிருந்த காலத்தில் கோஹோ சால்மன்களைப் பிடித்துத் தெளிந்த கிளையோடைகளில் விட்டார்கள். இவ்வளவு திட்டமிட்டும் ஒன்று தவறியது. போர்ட் ஏஞ்சலஸ் பகுதிக்கான புதிய நீர்ச் சுத்திகரிப்பு அமைப்பின் உள்வாங்கும் பகுதியை வண்டலும் இலைதழையும் கட்டைகளும் அடைத்துக்கொண்டன. அதைச் சீர்செய்யும் வரை அணை வேலை ஏறக்குறைய ஓராண்டு நின்றது. வண்டலை மட்டும் கணக்கிட்டு அதோடு வரும் குப்பையை மறந்தால் இதுதான் நடக்கும். 2014-இல் கடைசிப் பகுதியும் போனது. பழைய தேக்கங்களின் சேற்று மேட்டில் நாட்டு மரம் செடிகளை லட்சக்கணக்கில் நட்டார்கள். அடைபட்டிருந்த வண்டல் முகத்துவாரத்தில் புதிய மணல்திட்டாக விரிந்தது. மீன்பிடிப்பை 2011-இலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். அந்த ஆற்றின் கிளால்லம் பழங்குடியினர் மீண்டும் சிறிய அளவில் கோஹோ பிடித்தது 2023-இல்தான்.

அந்த வண்டலோடு வரும் கல் மீனுக்கும் வேண்டியது. சால்மன் தன் முட்டையைக் கூழாங்கல்லுக்குள் புதைக்கிறது. கல் இடுக்கில் தண்ணீர் ஊடுருவி உயிர்வளி கொண்டுபோனால்தான் குஞ்சு பொரிக்கும். அணைக்குக் கீழே புதிய கல் வராமல், இருந்த சின்னக் கற்கள் அடித்துச்செல்லப்பட்டு, புரட்ட முடியாத பெருங்கல் மட்டும் மிஞ்சும். அணையை எடுக்க முடியாத ஆறுகளில் லாரி லாரியாகக் கூழாங்கல் கொட்டுகிறார்கள். ஒரு பெருவெள்ளம் அதையும் கொண்டுபோய்விடும் என்பதால், அது முடிவில்லாத செலவு.

இறங்கும் வழி

மேலே ஏற்றுவதில் காட்டும் அக்கறையில் பாதிகூட இறங்கும் மீனுக்குக் கிடைப்பதில்லை. கடலுக்குப் போகும் விலாங்கு நீளமான உடம்புள்ளது, டர்பைன் இறக்கையில் வெட்டுப்பட அதற்கு வாய்ப்பு மிக அதிகம். தடுப்பதற்குக் கம்பித் தட்டியின் இடைவெளி 15 முதல் 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தட்டியை ஓட்டத்துக்கு நேர்க்குத்தாக வைத்தால் மீன் அதிலேயே நசுங்கி ஒட்டிக்கொள்ளும். சாய்வாக வைத்து, நுனியில் கீழே போக ஒரு வழி விட வேண்டும், தட்டியை நெருங்கும் தண்ணீரின் வேகம் விநாடிக்கு அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். விலாங்கு பெரும்பாலும் இருண்ட இரவில், ஆறு புதுவெள்ளம் கண்டதும் கிளம்பும். அந்த இரவுகளில் டர்பைனை நிறுத்தி மதகு வழியாகத் தண்ணீர் விடுவது எளிய ஏற்பாடு.

விரல் நீள உள்ளம் குஞ்சுகளைத் தட்டியால் தடுக்க முடியாது. அவற்றுக்குப் பருவத்தில் ஷட்டர் திறப்பதுதான் வழி. ஷட்டருக்கு அடியில் அழுத்தத்தோடு பீறிடுவதைவிட, மேலே வழிந்து விழும் தண்ணீர் குஞ்சுக்கு நல்லது. விழும் இடத்தில், விழும் உயரத்தில் கால் பங்காவது ஆழமிருக்க வேண்டும், கான்கிரீட் பற்கள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

வலைக்கு இடைவெளி

வழி திறந்தாலும், முட்டையோடு வரும் மீன் ஏறும் வழியிலேயே பிடிபட்டால் பயனில்லை. இதில் வங்கதேசம் செய்ததைக் கவனிக்க வேண்டும். இலிஷ் பெரும்பாலும் அக்டோபர் முழுநிலவையொட்டி முட்டையிடும். ஆகவே அந்த மாதத்தில் பிடிக்கவும் விற்கவும் கொண்டுபோகவும் தடை. முதலில் சில நாட்களாக இருந்தது 2016-இலிருந்து 22 நாள் ஆனது. 25 செ.மீ.-க்குக் குறைந்த குஞ்சுகளை ஜட்கா என்பார்கள். நவம்பர் முதல் ஜூன் வரை எட்டு மாதம் அதைத் தொடக் கூடாது. மேக்னா போன்ற ஆறுகளில் குறிப்பிட்ட நீளங்கள் காப்பிடங்கள். 2002-03-இல் 2 லட்சம் டன்னுக்குச் சற்றுக் குறைவாக இருந்த இலிஷ் பிடிப்பு 2017-18-இல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. படகும் வலையும் பெருகியதையும் சேர்த்துத்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும், என்றாலும் திசை தெளிவாகத் தெரிகிறது.

தடை உடைவது பசியாலும் கடனாலும். ஜட்கா காலத்தின் நான்கு மாதங்களுக்கு, பதிவுசெய்த மீனவக் குடும்பத்துக்கு மாதம் 40 கிலோ அரிசி தருகிறார்கள். அரிசி வயிற்றுக்கு ஆகும். படகுக்கும் வலைக்கும் தாதன் என்ற முன்பணம் கொடுத்த வியாபாரிக்குத் தவணை கட்ட ஆகாது. அவர் மீனைத்தான் கேட்பார், மீனவர் இரவில் மெல்லிய நைலான் வலையோடு இறங்குவார். தடையை அறிவிக்கும் எந்த அரசும், அரிசியோடு கொஞ்சம் ரொக்கமும், தடை நாட்களுக்குக் கடன் தவணை நிறுத்தமும், வியாபாரியை நம்பாமல் வலை வாங்கக் குறைந்த வட்டியில் வங்கிக் கடனும் சேர்த்தே அறிவிக்க வேண்டும். அரிசி தடை தொடங்கும் முன்பே கைக்கு வந்துவிட வேண்டும், பாதியில் வந்தால் அதற்குள் வலை ஆற்றில் இறங்கியிருக்கும்.